மூளைக்கு நடுவில் பாலமே இல்லையாம்: 12-வது வாரத்தில் என்னதான் நடக்கிறது?

#1 மதில்பூனை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளா படிக்க மட்டும் வந்துட்டுப் போற ஆள் நான். எழுதறது இதுதான் முதல் தடவை.

வயசு 34. ஒரு மாசமா விடாத தலைவலின்னு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. தலைவலிக்குக் காரணம் அதுல ஒண்ணும் சிக்கல (கழுத்துப் பிடிப்பாம், இப்போ பரவாயில்ல). ஆனா ரிப்போர்ட்டோட கடைசி வரி: கார்பஸ் கலோசம் (மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற நரம்புப் பாலம்) கொஞ்சமும் இல்ல, பிறவியிலேயே. டாக்டர் மானிட்டரை என் பக்கம் திருப்பி, "இங்க வில்லு மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை இருக்கணும். உங்களுக்கு அந்த இடம் காலி"ன்னார். சொல்லிட்டு என்னை ஒரு மாதிரியா பார்த்து, "படிச்சிருக்கீங்களா? வேலைக்குப் போறீங்களா?"ன்னு கேட்டார். 11 வருஷமா கணக்கு பார்க்கிற வேலை சார்னு சொன்னேன். அவர் திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

34 வருஷமா இல்லாத ஒண்ணை நேத்துதான் தொலைச்ச மாதிரி இருக்கு.

வலையில தேடினா பயமுறுத்தற விஷயம்தான் வருது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்தப் பாலம் வயித்துக்குள்ள எப்போ, எப்படிக் கட்டப்படுது? எனக்கு எந்தக் கட்டத்துல நின்னிருக்கும்? அந்தப் பக்கம் போக வேண்டிய நரம்பெல்லாம் எங்க போச்சு? இன்னொண்ணு, அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. "உன்னைச் சுமந்தப்போ நான் என்ன தப்பு பண்ணேன்"னு அதையே கேட்டுட்டு இருக்காங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல.


#2 அரைக்குடம்

நண்பா, பயப்படாதீங்க. ஆனா சுவாரசியமான கேஸ்! இடது மூளை தர்க்கம், வலது மூளை கலை. நடுவுல இணைப்பு இல்லேன்னா ரெண்டும் தனித்தனியா ஓடும். ஒரு மண்டைக்குள்ள ரெண்டு மனசு. இதுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்க. உங்க வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியாது. சட்டை பட்டன் ஒரு கை போடும், இன்னொரு கை அவிழ்க்கும்னு படிச்சேன். அப்படி ஏதாவது நடக்குதா?


#3 நுண்நோக்கி

அரைக்குடம், பெயருக்கு ஏற்ற பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வது வேறு ஆட்களைப் பற்றி. ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் கிடைத்ததற்குக் காரணமான நோயாளிகள், வலிப்பைக் கட்டுப்படுத்துவதற்காக இந்தப் பாலத்தை அறுவை செய்து வெட்டிக்கொண்டவர்கள். கட்டி, பல வருடம் பயன்படுத்தி, அதன் பிறகு வெட்டியது. மதில்பூனைக்கு ஆரம்பத்திலேயே கட்டப்படவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இது ஸ்பெர்ரிக்கே புதிராகத்தான் இருந்தது. பிறவியிலேயே பாலம் இல்லாத ஒரு கல்லூரி மாணவியை அவருடைய குழு சோதித்து, வெட்டியவர்களிடம் தெரிந்த அறிகுறிகள் இவரிடம் இல்லையே என்று 1968-இல் எழுதியது. அதனால் பட்டன் கேள்வியை விட்டுவிடலாம்.

மதில்பூனை, இது என் வேலைக்கு நெருங்கிய விஷயம். எலிக் கருவின் மூளை வளர்ச்சிதான் நான் தினமும் பார்ப்பது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாரக்கணக்கு. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள், கருவியல் ஆட்கள் கருத்தரித்த நாளிலிருந்து. இரண்டுக்கும் இரண்டு வாரம் வித்தியாசம் வரும். புத்தகத்துக்குப் புத்தகம் 12, 13, 14 என்று மாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நான் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறேன்.

முன்மூளை முதலில் ஒற்றைக் குமிழ்தான். 5-வது வாரவாக்கில் அது இரண்டு பக்கமும் உப்பி இரண்டு அரைக்கோளங்களாகிறது. நடுவில் ஒரு பிளவு விழுகிறது. அந்தப் பிளவுக்குள் மூளையுறையும் ரத்தக் குழாய்களும் நிறைந்திருக்கும். அதாவது, நரம்பிழைகள் புறப்படும்போது அந்தப் பக்கம் போக வழியே கிடையாது. எதிரே இருப்பது பள்ளம். பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. "நரம்பிழைகள் நடுக்கோட்டைக் கடக்கின்றன" என்று ஒரே வரி. எதன் மேல் நடந்து கடக்கும்?

அந்தத் தரையைத் தயார் செய்வது கிளியா செல்கள், அதாவது நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் செல்கள். இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒரு வகை கிளியா செல்கள் நடுக்கோட்டுக்கு நகர்ந்து வந்து, பிளவில் இருக்கும் மூளையுறையைக் கரைத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பையின் ஜிப்பை இழுத்து மூடுவது போல. பெயரே "ஜிப்பர் கிளியா"தான். மூளை வளர்ச்சி ஆய்வாளர் லிண்டா ரிச்சர்ட்ஸின் குழு 2016-இல் இதைத் தெளிவாகக் காட்டியது. எலிகளில் ஜிப் சரியாக மூடாவிட்டால் பாலம் வருவதில்லை. பாலம் இல்லாத மனிதர்களின் எம்.ஆர்.ஐ. படங்களிலும் அந்தப் பிளவு மூடாமல் ஆழமாகவே நிற்பதைப் பார்த்தார்கள்.

தரை தயாரானதும் ஒரே இடத்தில் எல்லாம் கடந்துவிடுவதில்லை. முன்பக்கச் சிறு இணைப்பு 10-வது வாரவாக்கில் முதலில் கடக்கும். அடுத்து ஹிப்போகேம்பஸ் இணைப்பு, 11-ஐ ஒட்டி. அதற்கும் பிறகுதான் நம்முடைய பெரிய பாலம், 12–13 வாரத்தில். நடுக்கோட்டை ஒட்டிய சிங்குலேட் புறணியிலிருந்து (புறணி என்றால் மூளையின் வெளி அடுக்கு) சில இழைகள் முன்னோடிகளாகப் போய்ப் பாதை போடும். மற்றவை அவற்றைத் தொற்றிக்கொண்டு போகும். 20 வாரம் ஆகும்போது பாலத்தின் உருவம் வந்துவிடும். தடிமன் மட்டும் அதற்கப்புறமும் வருடக்கணக்கில் ஏறும். வளர்ந்த மனிதருக்கு அதில் ஏறத்தாழ 20 கோடி இழைகள்.

நரம்பெல்லாம் எங்கே போயின என்ற கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.


#4 எதிர்க்கேள்வி

எலியில் பார்த்ததை மனிதருக்கு நீட்டுகிறீர்கள். ஆதாரம்?

இன்னொன்று. நான் படித்த காலத்தில் "கிளியாத் தொட்டில்" என்று ஒன்று சொன்னார்கள். அந்தத் தொட்டில்தான் இழைகளைத் தாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று. இப்போது ஜிப் என்கிறீர்கள். பத்து வருடத்துக்கு ஒரு உவமை மாறினால் எதை நம்புவது?


#5 நுண்நோக்கி

நியாயமான கேள்வி. தொட்டிலைச் சொன்னவர் ஜெர்ரி சில்வர். 1980-களின் தொடக்கத்தில் எலிக் கருவில் அந்தத் தொட்டிலை வெட்டிப் பார்த்தார். இழைகள் கடக்கவில்லை. அடுத்து அவர் செய்ததுதான் அழகு. பாலம் உருவாகாத எலிக்குட்டிகளின் மூளை நடுவே ஒரு சிறிய சவ்வுத்தாள் துண்டை வைத்தார். கிளியா செல்கள் அதன் மேல் ஊர்ந்து ஒட்டின. நின்றுபோயிருந்த இழைகள் மறுபடி வளர்ந்து, அந்தத் தாளின் மேல் ஏறி அந்தப் பக்கம் போயின. 1983-இல் வெளிவந்தது. அதாவது இழைகளுக்கு வளரும் திறன் அப்படியே இருந்தது. கால் வைக்க இடம்தான் இல்லை.

பின்னாளில் அந்தத் தொட்டிலில் கிளியாவோடு நியூரான்களும் நிறைய இருப்பது தெரிந்து பெயரில் சிக்கல் வந்தது. ஆனால் "நடுக்கோட்டில் தரை வேண்டும்" என்ற அடிப்படை மாறவில்லை, இன்னும் உறுதிதான் ஆகியிருக்கிறது. உவமை மாறியதால் உண்மை மாறவில்லை ஐயா.

மனிதருக்கு ஆதாரம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று, கருவின் திசுக்களிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அதே செல்கள் அதே வரிசையில் தெரிகின்றன. மற்றொன்று மரபணு. எலியில் டி.சி.சி. என்ற மரபணுவைக் கெடுத்தால் பாலம் வராது. 2017-இல், வேறு குறை ஏதுமில்லாமல் பாலம் மட்டும் இல்லாத சில குடும்பங்களில் அதே டி.சி.சி.யில் பிழை இருப்பதைக் கண்டார்கள்.

இந்த டி.சி.சி. விஷயம் சுவையானது. நரம்பிழையின் நுனியில் கை விரித்தாற்போல ஒரு வளர்முனை இருக்கும். அதுதான் வழி தேடும். நடுக்கோட்டுக்கு அருகில் ஸ்லிட் என்ற புரதம் "வராதே" என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் யாரும் கிட்டவே போக முடியாதே? நெட்ரின் என்ற இன்னொரு புரதம் டி.சி.சி. வழியாக அந்த விரட்டலைக் காதில் விழாமல் செய்துவிடுகிறது. நடுவைத் தாண்டியதும் காது திறக்கிறது. இப்போது ஸ்லிட்டின் விரட்டல் உறைக்க, இழை திரும்பிப் பார்க்காமல் முன்னோக்கிப் போகிறது. ஒரே சத்தம், கடக்கும் முன் கேட்கவில்லை, கடந்த பின் கேட்கிறது. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

மதில்பூனை, "எங்கே போயின" என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு சாயம் உண்டு. கொழுப்பில் கரையும், ஊதாச் சிவப்பில் சிறு படிகங்களாக இருக்கும். பதப்படுத்திய எலிமூளையின் ஒரு பக்கப் புறணியில் ஊசிமுனையால் ஒரே ஒரு படிகத்தைக் குத்தி வைத்து, இருட்டில், இளஞ்சூட்டில் சில வாரம் விட்டுவிடுவோம். சாயம் செல்சவ்வு வழியே மெல்ல மெல்ல ஊறிப் போகும். பிறகு மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தால், சாதாரண எலியில் ஒரு சிவப்பு வில் அந்தப் பக்கம் போயிருக்கும்.

பாலம் இல்லாத எலியின் மூளையை நான் முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது, சிவப்பு நடுக்கோடு வரை வந்து நின்றிருக்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நடுக்கோட்டுக்கு மிக அருகில் வந்து, திரும்பி, அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகத் தடித்த புரியாகச் சுருண்டு ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, இரண்டு கயிற்றுப் புரிகள். மோரிட்ஸ் ப்ராப்ஸ்ட் 1901-இல் மனித மூளையிலேயே இதை விவரித்துவிட்டார். ப்ராப்ஸ்ட் கற்றை என்று பெயர்.

உங்கள் மூளையிலும் பெரும்பாலும் அவை இருக்கும். உங்கள் இழைகள் புறப்பட்டன, நடுக்கோடு வரை வந்தன, வழி இல்லாததால் வேறு பக்கம் போயின. எதுவும் தொலையவில்லை.


#6 மதில்பூனை

அக்கா, இதை நாலு தடவை படிச்சேன். ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், "ப்ராப்ஸ்ட் கற்றைகள் காணப்படுகின்றன"ன்னு நடுவுல ஒரு வரி இருக்கு! அது இன்னொரு வியாதின்னு நினைச்சுப் பயந்துட்டு இருந்தேன்.


#7 கருப்புவெள்ளை

கருவுக்கு ஸ்கேன் பார்ப்பது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

18 முதல் 22 வாரத்துக்குள் (இது எங்கள் கணக்கு, மாதவிடாயிலிருந்து) செய்யும் விரிவான ஸ்கேனில் பாலத்தை நேரடியாகத் தேடுவதில்லை. குறுக்குவாட்டுத் தளத்தில் அது தெரியாது. நாங்கள் தேடுவது பாலத்துக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு நீர்ப்பெட்டியை. முன்பக்கம் இரண்டு கோடுகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும். அது தெரிந்தால் பாலம் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அது தெரியாமல், பக்கவாட்டு நீரறைகள் முன்னால் ஒடுங்கிப் பின்னால் உப்பிக் கண்ணீர்த் துளி வடிவில் இருந்தால் கை நின்றுவிடும். தாய் மானிட்டரைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார். முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் பயிற்சி எந்தப் பாடத்திலும் இல்லை.

அதன் பிறகு நடுக்கோட்டுத் தளத்தில் பார்ப்போம், கரு எம்.ஆர்.ஐ. கேட்போம், மரபணுச் சோதனை பற்றிப் பேசுவோம். முக்கியமான கேள்வி, பாலம் மட்டும்தான் இல்லையா, கூட வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான். கூட வேறு குறைகள் இருந்தால் நிலைமை வேறு. தனியாக இருந்தால் ஏறத்தாழ முக்கால்வாசிக் குழந்தைகளின் வளர்ச்சி இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது. வளர வளர நுட்பமான சிரமங்கள் தெரியலாம்: வேகமாக யோசிப்பது, புதுவிதமான சிக்கலைத் தீர்ப்பது, பேச்சின் உள்ளர்த்தத்தைப் பிடிப்பது. கரு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும், பிறந்த பின் சில குழந்தைகளுக்கு வேறு குறைகள் தென்படுவதுண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

திரு. மதில்பூனை போன்றவர்கள் எங்கள் கண்ணில் படுவதே இல்லை என்பது இதிலுள்ள கோளாறு. சிரமம் உள்ளவர்கள்தான் ஸ்கேனுக்கு வருவார்கள். தலைவலி வராத மதில்பூனைகள் எத்தனை பேரோ.


#8 அரைக்குடம்

சரி, பட்டன் விஷயத்துக்கு மன்னிப்பு. ஒரு சந்தேகம். இடது மூளைதானே வலது கையை ஆட்டுது? அப்போ அந்த நரம்பு எல்லாம் இந்தப் பாலம் வழியாத்தானே போகணும்? பாலமே இல்லாம மதில்பூனை எப்படி டைப் அடிக்கிறார்?

கூடவே இன்னொண்ணு. பெண்களுக்கு இந்தப் பாலம் பெருசாம், அதனாலதான் ஒரே நேரத்துல பல வேலை பார்ப்பாங்களாம். இதுவும் பொய்யா?


#9 எதிர்க்கேள்வி

முதல் கேள்வி நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு குறுக்குப் பாதை. கைகாலை அசைக்கும் நரம்பிழைகள் கீழே, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் பக்கம் மாறுகின்றன. அவை மூளையிலிருந்து உடம்புக்கு இறங்குபவை. கார்பஸ் கலோசம் உடம்புக்குப் போகாது. ஒரு பக்கப் புறணியை மறு பக்கப் புறணியோடு, பெரும்பாலும் அதே இடத்தோடு இணைப்பது மட்டும்தான் அதன் வேலை.

இரண்டாவது: ஆம். 1982-இல் மொத்தம் 14 மூளைகளைப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரை அது. 9 ஆண், 5 பெண். 1997-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. கட்டுரை செத்து 25 வருடத்துக்கு மேலாகியும் கதை மட்டும் நடமாடுகிறது.


#10 தூறல்

என் பொண்ணுக்கு 6 வயசு. அவளுக்குப் பாலத்தோட பின்பாதி இல்ல. 21-வது வாரத்துல தெரிஞ்சது. கருப்புவெள்ளை சார் சொன்ன மாதிரியே நானும் முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அந்த டாக்டருக்கு அந்தப் பயிற்சி இல்ல.

அவ நடந்தது 20 மாசத்துல. சைக்கிள் இன்னும் வரல, ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிக்கிறதுல எங்கேயோ தாளம் தப்புது. ஷூ கயிறு கட்ட ஒன்றரை வருஷம் ஆச்சு. ஆனா கட்டக் கத்துக்கிட்ட விதம் வேற. மத்த பிள்ளைங்க ரெண்டு கையையும் ஒண்ணா ஓட்டுவாங்க. இவ இடது கையை ஆணி மாதிரி அசையாம வச்சுக்குவா, எல்லாத்தையும் வலது கை சுத்தி வந்து முடிக்கும். தெரப்பிஸ்ட் திருத்தப் போனாங்க. நான்தான் விடுங்கன்னேன். முடிச்சு இறுகுதில்ல.

நுண்நோக்கி அக்கா, கட்டாத பாலம் கட்டாததுதான்னு புரியுது. ஆனா இருக்கிற முன்பாதி? அது இனிமே பயிற்சியால தடிக்குமா?


#11 நுண்நோக்கி

தூறல், உங்கள் மகள் கண்டுபிடித்த முடிச்சு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புது இழைகள் கடக்கும் காலம் பிறப்போடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. பிறந்த பிறகு நடப்பது இரண்டு. ஒன்று, இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்துவது. ஸ்கேனில் பின்பகுதி 3–4 மாதத்திலும் முன்பகுதி 6 மாதவாக்கிலும் வெளுக்கத் தொடங்கும். ஆனால் உள்ளுக்குள் அந்த வேலை இருபது வயதைத் தாண்டியும் ஓடுகிறது. உறை போர்த்தினால் செய்தி வேகமாகப் போகும். சின்னக் குழந்தைகளின் பாலம் இருந்தும் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. 1979-இல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பார்க்காமல் துணி ரகங்களைத் தொட்டு ஒப்பிட வேண்டும். ஒரே கையால் இரண்டையும் தொட்டால் ஒரு மாதிரி, ஒன்றை ஒரு கையாலும் மற்றதை மறு கையாலும் தொட்டால் வேறு மாதிரி. 5 வயதுக் குழந்தைகளுக்கு வித்தியாசமில்லை. 3 வயதுக் குழந்தைகள் கை மாறியபோது அதிகம் தவறினார்கள். அதனால் 6 வயதில் இருக்கும் பாதிக்கு இன்னும் நிறைய காலம் இருக்கிறது.

இரண்டாவது நடப்பது, கழிப்பது. அதை எழுதினால் நீளும்.


#12 எதிர்க்கேள்வி

அதை நான் எழுதுகிறேன், இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த எண் அங்கேதான் இருக்கிறது.

ரீசஸ் குரங்குக் குட்டி பிறக்கும்போது பாலத்தில் சுமார் 18.8 கோடி இழைகள். வளர்ந்த குரங்குக்கு 6 கோடிக்கும் குறைவு. லாமான்ஷியாவும் ராகிச்சும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணி 1990-இல் எழுதியது. பிறந்த முதல் மூன்று வாரம் நாளொன்றுக்கு 44 லட்சம் இழைகள் காணாமல் போகின்றன. வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 50. நீங்கள் இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் 200.

இது நோயல்ல. இயல்பான வளர்ச்சி. முதலில் கண்டபடி இழைகளை அனுப்பு, பிறகு வேண்டாததை இழுத்துக்கொள். செல்கள் சாவதில்லை, அந்தப் பக்கம் நீட்டிய கிளையை மட்டும் பின்வாங்கிக்கொள்கின்றன. இன்னோசென்டி 1977-இல் பூனைக்குட்டியின் பார்வைப் புறணியில் முதலில் இதைக் காட்டினார்.

என் கேள்வி நுண்நோக்கிக்கு: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? மரபணுவா? அப்படியானால் முதலிலேயே சரியாக அனுப்பியிருக்கலாமே.


#13 நுண்நோக்கி

மரபணு பாதிதான். எந்த நியூரான் பாலம் கடக்க வேண்டும், எது கீழே தண்டுவடத்துக்கு இறங்க வேண்டும் என்பதை மரபணுதான் பிரிக்கிறது. சாட்பி-2 என்ற மரபணு இல்லாவிட்டால் பாலத்துக்குப் போக வேண்டிய செல்கள் திசை மாறிக் கீழே இறங்கப் பார்க்கும். 2008-இல் தெரியவந்தது. ஆனால் அந்தப் பக்கம் போய் எங்கே வேரூன்றுவது என்பது செல்களின் மின்துடிப்பைப் பொறுத்தது. துடிப்பை அடக்கிவிட்டால் இழைகள் கடக்கும், ஆனால் சரியான அடுக்கில் கிளை விடாது.

2014-இல் வந்த ஒரு எலிச் சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். எலிக்குட்டியின் ஒரு பக்க மீசையிலிருந்து வரும் உணர்வை நிறுத்தினார்கள். எதிர்பார்த்தபடி பாலத்தின் இழைகள் இலக்கில் சரியாகக் கிளைக்கவில்லை. அடுத்து இரண்டு பக்கத்தையும் நிறுத்தினார்கள். இன்னும் மோசமாகும் என்றுதானே நினைப்போம்? சரியாகிவிட்டது! அதாவது உணர்வு அதிகமா குறைவா என்பதைவிட, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்பதுதான் அந்த இழைகளுக்கு முக்கியம். தராசு மாதிரி.

எதிர்க்கேள்வி ஐயா, "முதலிலேயே சரியாக அனுப்பியிருக்கலாமே" என்கிறீர்கள். இந்தப் பக்கம் இருக்கும் செல்லுக்கு அந்தப் பக்கம் எப்படி வளரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாதே.


#14 சுருதிபேதம்

பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். 7 வயசுக்கு முன்னாடி வாத்தியம் ஆரம்பிச்சவங்களுக்குப் பாலத்தோட முன்பகுதி பெரிசா இருக்குன்னு 1995-லயே ஆய்வு வந்திருக்கு. தூறல், உங்க பொண்ணை உடனே சேர்த்து விடுங்க!


#15 எதிர்க்கேள்வி

பெரிய பாலம் உள்ளவர்கள்தான் வாத்தியத்தில் தாக்குப்பிடித்தார்களோ என்னவோ. 30 இசைக்கலைஞர்களை வைத்து அதைப் பிரிக்க முடியாது. குழந்தைக்குப் பிடித்தால் சேருங்கள்.


#16 அரைக்குடம்

கங்காருவுக்கு இந்தப் பாலமே கிடையாதாமே? இன்னிக்கு முழுக்க இதையே படிச்சுட்டு இருக்கேன், வேலை ஓடல.


#17 நுண்நோக்கி

கிடையாது. பைப்பாலூட்டிகளுக்கும் பிளாட்டிபஸுக்கும் இல்லை. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளுக்கு மட்டும்தான். ஆனால் பைப்பாலூட்டிகளில் இரண்டு பக்கப் புறணியும் முன்பக்கச் சிறு இணைப்பு வழியே பேசிக்கொள்கின்றன. எந்த இடம் எந்த இடத்தோடு இணையும் என்ற வரைபடமும் நம்முடையதைப் போலவே இருக்கிறது. 2018-இல் காட்டினார்கள். ஆக, வரைபடம் பழையது, பாலம் பின்னால் வந்தது.

இது மதில்பூனைக்கும் பொருந்தும். பாலம் இல்லாத சில மனிதர்களில் முன், பின் சிறு இணைப்புகள் வழியே சுற்றிப் போகும் புதுப் பாதைகளை 2014-இல் கண்டார்கள். தொட்டறியும் செய்தி அந்த வழியாக மறுபக்கம் போகிறது.


#18 மதில்பூனை

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம்.

கருப்புவெள்ளை சார் எழுதினதைப் படிச்சுட்டு யோசிச்சேன். ஆபீஸ்ல ஜோக் சொன்னா எல்லாரும் சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் எனக்கு விளங்கும். அதுவும் இதனாலதானா?

இன்னொண்ணு, சின்ன வயசுல வலது கையால எழுதும்போது இடது கை விரலும் சேர்ந்து ஆடும். பென்சில் இல்லாமலே காத்துல எழுதும். கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்கன்னு இடது கையைத் தொடைக்கு அடியில வச்சு உட்கார்ந்துக்குவேன். இப்பவும் பூட்டுல சாவி திருப்பும்போது லேசா வரும்.


#19 எதிர்க்கேள்வி

ஜோக் விஷயத்தில் நிதானம். பட்டியலைப் படித்தால் எவருக்கும் நாலு பொருந்தும், ராசிபலன் போல. எனக்கும்தான் ஜோக் தாமதமாக விளங்குகிறது, என் பாலம் முழுசாக இருக்கிறது. இரண்டாவதை மட்டும் நுண்நோக்கி பார்க்கட்டும்.


#20 நுண்நோக்கி

இரண்டாவது முக்கியம். கண்ணாடி அசைவு என்று அதற்குப் பெயர். சின்னக் குழந்தைகள் எல்லாரிடமும் லேசாக இருக்கும், பத்து வயதுக்குள் மறையும். பெரியவரான பிறகும் நீடித்தால் காரணம் தேட வேண்டும். அப்படிப்பட்ட குடும்பங்களில் டி.சி.சி. பிழை 2010-இல் கண்டறியப்பட்டது. மேலே நான் சொன்ன அதே டி.சி.சி. பாலத்துக்கு மட்டுமல்ல, கைக்கு இறங்கும் இழைகள் சரியாகப் பக்கம் மாறவும் அது வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் கையசைவு மட்டும், ஒருவருக்குப் பாலம் இல்லாமை, ஒருவருக்கு இரண்டும், ஒருவருக்கு ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம்.

இங்கிருந்து நான் எதையும் உறுதி சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மரபியல் மருத்துவரிடம் போகும்போது கையசைவை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்பார்.


#21 மதில்பூனை

நேத்து ராத்திரி அம்மாகிட்ட பேனாவும் பேப்பரும் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னேன். எதுக்குடான்னாங்க. சும்மா எழுதுங்கன்னேன். பேரை எழுதினாங்க. இடது கை மேசை மேல இருந்தது. விரல் ஒவ்வொண்ணா, ரொம்ப லேசா, கூடவே எழுதுச்சு.

நான் அதையே பார்க்கிறதைப் பார்த்துட்டு, சட்டுன்னு கையை மடிக்கு இழுத்துக்கிட்டாங்க. "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்டா. கல்யாணத்துக்கு அப்புறம் உங்க அப்பாகிட்டகூட சொன்னதில்ல"ன்னாங்க.

அக்கா எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். "அப்போ நான் ஒண்ணும் பண்ணலையா?"ன்னு கேட்டாங்க. பண்ணலம்மான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கு, இல்ல?"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. என் கையையும் அவங்க கையையும் பக்கத்துல வச்சு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதிப் பார்த்தோம். அப்புறம் சாப்பிட்டாங்க.

அடுத்த வாரம் மரபியல் டாக்டரைப் பார்க்கப் போறோம், ரெண்டு பேரும்.

எம்.ஆர்.ஐ. சிடியிலேர்ந்து ஒரு படம் எடுத்து கீழே போட்டிருக்கேன். ப்ராப்ஸ்ட் கற்றையை வட்டம் போட்டுக் காட்டியிருக்கேன். சரியா?


#22 கருப்புவெள்ளை

நீங்கள் வட்டம் போட்டிருப்பது பக்கவாட்டு நீரறை. மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கிறதே, அது. அந்தக் கொம்பின் உட்பக்கச் சுவரைப் பாருங்கள், ஏதோ ஒன்று உள்ளே அமுக்கி வளைத்திருக்கும். இரண்டு பக்கமும். அமுக்குவதுதான் கற்றை.


#23 மதில்பூனை

தெரியுது. ரெண்டும் தெரியுது.